கூண்டுக்குள் மூன்று அறவாழியார்

கூண்டுக்குள் இரண்டாவது அறவாழியார் வந்து நின்ற வியாழக்கிழமை காலையில், கதிர்மொழிக்கு முதலில் தோன்றியது கொண்டுவந்த சோப்புத்தூள் போதாது என்பதுதான்.

கல்லுப்பொட்டல் பேரூராட்சியின் ஏழாவது வார்டில், பேருந்துகள் திரும்புகிற முக்கில், பொதுநீதிக் கழகத்தை நிறுவிய அறவாழியாரின் சிமென்ட் சிலை நாற்பத்து மூன்று ஆண்டுகளாக வலது கையை வடக்கே நீட்டிக்கொண்டு நின்றது. எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒரு தலைவருக்குச் செருப்பு மாலை போட்ட வருடம், எல்லாத் தலைவர்களுக்கும் கம்பிக் கூண்டு போடும்படி போலீஸ் சொல்லிவிட, அறவாழியாருக்கும் ஒரு கூண்டு வந்தது. கூண்டுக்கு ஒரு பூட்டும் பூட்டுக்கு ஒரு சாவியும் வந்தன. சாவி முதலில் கதிர்மொழியின் அப்பாவிடம் இருந்தது, அவருக்குப் பிறகு கிளைச் செயலாளர் பொறுப்போடு சேர்ந்து அவளிடம் வந்தது. சாவி வைத்திருப்பவர் வாரத்துக்கு ஒருமுறை காக்கை எச்சத்தைக் கழுவ வேண்டும். ஆரம்பத்தில் வெள்ளிக்கிழமை கழுவினார்கள். வெள்ளிக்கிழமை கழுவினால் அது அபிஷேகம் ஆகிவிடும் என்று கொள்கைக்காரர்கள் மூன்று மாதம் சண்டை போட்டு அதை வியாழக்கிழமைக்கு மாற்றினார்கள். வியாழன் குருவுக்கு உகந்த நாள் என்று பக்திக்காரர்கள் அதை இன்னும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்கள். ஆக எல்லோருக்கும் திருப்தி, தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

பூட்டு பூட்டியபடி இருந்தது. முதலாமவருக்குத் தோள் உரச, அதே தங்க வண்ணத்தில், அதே மூக்குக்கண்ணாடியும் அதே துண்டுமாக இரண்டாமவர் நின்றார். அவர் தலையிலும் ஒரு வாரத்து எச்சம் இருந்தது. ஒரே ஒரு வித்தியாசம், இவருடைய கை கிழக்கே நீண்டிருந்தது. கதிர்மொழி கூண்டைத் திறந்து இருக்கிற சோப்புத்தூளை இரண்டு பேருக்கும் பங்கிட்டுக் கழுவிவிட்டு, எதிரே இருந்த தன் ஜெராக்ஸ் கடையைத் திறக்கப் போனாள்.

ஊர் அதிகம் பேசவில்லை. எட்டரை மணி டவுன் பஸ் கண்டக்டர் "ரெண்டு அறவாழி எல்லாம் இறங்கு" என்று குரல் கொடுத்தார், அன்றிலிருந்து நிறுத்தத்துக்கு அதுவே பெயரானது. பூக்கடைக்காரர் மாலைக்கு ஜோடிக் கணக்குச் சொன்னார். காக்கைகள் புதியவரைத்தான் விரும்பின, அவர் தலையில் வெயில் பிந்தி விழுந்தது. பேரூராட்சிக் குழாய் ஆள் மட்டும், வருவதுதான் வந்தார், கையில் ஒரு குடம் வைத்துக்கொண்டு வந்திருக்கலாம் என்றார்.

ஆனால் கட்சி சும்மா இருக்கவில்லை. ஏழாவது வார்டில் கட்சிக்கு அறுநூற்று எண்பத்தெட்டு ஓட்டு. அதில் ஒன்றுகூட எந்தக் காலத்திலும் வெளியே போனதில்லை, எந்த இரண்டும் எந்தக் காலத்திலும் ஒத்துப்போனதும் இல்லை. படிப்பகத்துக்கு வருகிற கொள்கைக்காரர்களுக்குத் தலைமை ஓய்வுபெற்ற ஆசிரியர் இளஞ்சேரல். பிறந்தபோது வைத்த சுப்பிரமணியன் என்ற பெயரை இருபது வயதில் உதறியவர். அறவாழியார் சொன்னது கடவுள் இல்லை என்பது ஒன்றுதான், மற்றதெல்லாம் அதன் கிளை என்பார். பக்திக்காரர்களுக்குத் தலைமை சோலைமலை. அரிசி மண்டி வைத்திருப்பவர், வருடந்தோறும் இருநூறு பேரைப் பச்சை வேட்டி கட்டிப் பாதயாத்திரை கூட்டிப் போகிறவர், கட்சிக் கரையை அந்தப் பச்சை வேட்டியிலும் வைத்துத் தைத்தவர். அறவாழியார் எதிர்த்தது பூசாரியைத்தானே தவிர முருகனை இல்லை என்பது அவர் கட்சி. மூன்றாவது, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனி. அவர்களுக்குத் தலைமை துப்புரவுப் பணியாளர் சங்கத்து அந்தோணியம்மாள். அறவாழியார் கடவுளைப் பற்றி என்ன சொன்னார் என்று அவள் கேட்டதே கிடையாது. ஒரே சுடுகாடு, ஒரே பாதை என்று கட்சியின் முதல் உறுதிமொழியில் அவர் எழுதியிருந்ததைத்தான் கேட்டாள். காலனியில் செத்தவர்கள் இன்னும் கண்மாய்க் கரையைச் சுற்றி முழங்கால் சேற்றில்தான் போனார்கள். நேர்பாதை சோலைமலைத் தெருக்காரர்களின் வயல் வரப்பில் போக வேண்டியிருந்தது, அவர்கள் எல்லோரும் கட்சிக்காரர்கள். சாதி முதலில் மனதிலிருந்து போக வேண்டும், பாதை தானாக வரும் என்று சொன்ன படிப்பகத்துக்காரர்களும் கட்சிக்காரர்கள். அந்தப் பாதைக்கான தீர்மானம் கிளைக் கூட்டத்தில் பதினான்கு முறை ஒருமனதாக நிறைவேற்றப்பட்டிருந்தது.

இந்த மூன்றையும் இருபத்திரண்டு வருடம் ஒரே பாயில் உட்காரவைத்தது கதிர்மொழியின் சாமர்த்தியம். அவள் முறை எளிது. வாத்தியார் கோபமாக வந்தால், கூட்டம் முடிந்து அவரைத் தனியாகக் கடை வாசலில் நிறுத்தி, அறவாழியார் இருந்திருந்தால் உங்கள் பக்கம்தான் நின்றிருப்பார் என்பாள். சோலைமலை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனால் மண்டிக்குப் போய் அதையே சொல்வாள். அந்தோணியம்மாளிடம் ரயில்வே கேட் மூடியிருக்கும் நேரத்தில் அதையே சொல்வாள். மூன்று பேரும் ஆறுதலாக வீட்டுக்குப் போவார்கள். சொன்னதில் ஒன்றையும் அவள் பொய்யென்று நினைக்கவில்லை. வார்டு கையை விட்டுப் போகக்கூடாது, அவ்வளவுதான்.

இந்த முறை பேரூராட்சித் தேர்தலில் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. இருபத்திரண்டு வருடம் பசை வாளி தூக்கியவளை நிறுத்தாமல் வேறு யாரை நிறுத்துவது என்று கிளை ஒருமனதாக முடிவு செய்தது. வேறு எதற்கும் ஆசைப்படாத கதிர்மொழி இதற்கு ஆசைப்பட்டாள். நல்ல சேலை ஒன்று எடுத்துவைத்தாள், அதைப் பேரூராட்சி மன்றத்தில் முதல் நாள் உட்காரும்போது கட்டுவதற்கென்று. மன்றத்தில் என்ன பேச வேண்டும் என்று ஜெராக்ஸ் எடுத்து வீணான தாள்களின் பின்பக்கத்தில் எழுதியும் வைத்திருந்தாள். அதில் முதலில் கண்மாய்ப் பாதைதான் இருந்தது, ஆனால் அந்தத் தாளை அவள் யாருக்கும் காட்டவில்லை.

கிழக்கே கோயில் இருந்தது. ஆகவே கிழக்கே கை நீட்டியவர் சோலைமலையுடையவர் ஆனார், அன்று மாலையே அவர் நெற்றியில் சந்தனம் ஏறியது. வடக்கே படிப்பகம். வாத்தியார் இரண்டு சிலைகளையும் சுற்றிவந்து, இது அச்சு வார்ப்பில் நிகழும் ஒரு பௌதிக விளைவாக இருக்கலாம், ஆராய வேண்டும் என்று அறிவித்தார். பிறகு வடக்கே பார்த்தவருக்கு மட்டும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். கதிர்மொழி அவரைப் பின்தொடர்ந்து போய், பழக்கத்தில், அறவாழியார் உங்கள் பக்கம்தான் என்றாள். மண்டிக்கும் போனாள். அடுத்த நாள் ரயில்வே கேட்டில் அந்தோணியம்மாள் சைக்கிளை நிறுத்திக்கொண்டு, இரண்டு பேர் வந்தும் எங்கள் பக்கம் ஒருத்தரும் திரும்பவில்லையே என்று கேட்டபோது, அவளிடமும் சொன்னாள்.

அடுத்த வியாழக்கிழமை மூன்று பேர் இருந்தார்கள். மூன்றாமவர் தெற்கே, ரயில்வே கேட்டைப் பார்த்துக் கை நீட்டியிருந்தார். ஒருவருக்காகக் கட்டிய பீடத்தில் மூன்று பேருக்கு இடமில்லாமல் முதலாமவரின் முழங்கை கம்பிக்கு வெளியே வந்துவிட்டது, பால்காரர் அதில் தூக்குச்சட்டியை மாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். கதிர்மொழி இந்த முறை இரண்டு பாக்கெட் சோப்புத்தூள் கொண்டுவந்திருந்தாள்.

அதற்குள் தேர்தல் அறிவிப்பு வந்தது. நடத்தை விதிப்படி தலைவர்கள் சிலைகளைத் துணியால் மூட வேண்டும் என்பதால் வருவாய் ஆய்வாளர் ஒரு தார்ப்பாயோடு வந்தார். அவரிடம் இருந்த படிவத்தில் சிலை ஒன்று என்று இருந்தது. எதிரே மூன்று நின்றன. கூடுதல் இரண்டுக்கும் அனுமதி ஆணை எங்கே என்று கேட்டார், வந்தவர்களே கொண்டுவரவில்லை என்று கதிர்மொழி சொன்னாள். நெடுநேரம் யோசித்து, படிவத்தில் 'சிலை ஒன்று (மூன்று)' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மூன்று பேரையும் கூண்டோடு சேர்த்து ஒரே தார்ப்பாயால் மூடிக் கயிறு கட்டினார். கம்பிக்கு வெளியே நீண்ட மூன்று கைகளும் மூன்று திசையில் தூக்கிநிறுத்த, அது பார்ப்பதற்குச் சர்க்கஸ் கூடாரம் மாதிரி ஆயிற்று. ஆடுகள் மத்தியானத்தில் அதன் நிழலில் படுத்தன.

மூடியபிறகுதான் சண்டை முற்றியது. திறந்திருந்தபோது அவரவர் ஆளை அவரவர் பார்த்துக்கொண்டு போனார்கள். இப்போது உள்ளே யார் யாரைப் பார்த்துத் திரும்பிவிடுவாரோ என்று பயம் வந்துவிட்டது. சந்தனம் வைத்த அறவாழி ஒரு அறவாழியா என்று படிப்பகத்தில் கேட்டார்கள். கடவுளை ஏசியே ஓட்டைக் கெடுக்கிற ஆள் எங்களுக்கு வேண்டாம் என்று மண்டியில் சொன்னார்கள். தெற்கே கை நீட்டினவர் கூலிக்கு வந்தவர் என்று இரண்டு இடத்திலும் சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். எது அசல் என்று வேட்பாளர் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் ஒரு வீட்டுப் படியும் ஏறக்கூடாது என்று மூன்று பக்கமும் சொல்லி அனுப்பின. கதிர்மொழி மாவட்டச் செயலாளரைப் போனில் கூப்பிட்டாள். அவர் வேறொரு ஊரில் மேடையில் இருந்தார். பின்னால் ஒலிபெருக்கி அலற, ஒருமனதாக முடித்துவிட்டுக் கூப்பிடும்மா என்று சொல்லி வைத்துவிட்டார்.

எது அசல் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு மட்டும் ஒரு வழி இருந்தது. சிலையை வார்த்தது அவர்கள் வீட்டுக் கொல்லையில். எட்டு வயதில் அவள் உடைந்த பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு ஒன்றை, சிமென்ட் ஈரமாக இருக்கும்போதே, அறவாழியாரின் இடது குதிகாலில் பதித்துவிட்டாள். அப்பா பார்த்துவிட்டார். எடுக்கவில்லை. "யார்கிட்டயும் சொல்லாத. கண்திருஷ்டிக்கு வச்சேன்னு ஒருத்தன் அடிக்க வருவான், கண்திருஷ்டிக்கு வச்சேன்னு இன்னொருத்தன் கும்பிட வருவான்" என்றார். அவள் சொல்லவில்லை.

வேட்புமனுவுக்குக் கடைசி நாளுக்கு முந்தின நாள் நண்பகலில், முக்கில் ஆள் ஓய்ந்த நேரம், ஆடுகளை விலக்கித் தார்ப்பாயைத் தூக்கிக் கூண்டைத் திறந்து உள்ளே குனிந்து போனாள். உள்ளே வெக்கை. மூன்று ஜோடிக் கால்கள் காட்டுக்குள் மரங்கள் மாதிரி நெருக்கமாக நின்றன. வடக்கே பார்த்தவரின் இடது குதிகாலை விரலால் தடவினாள். வளையல் துண்டு இருந்தது. மனசு குளிர்ந்து, உறுதி செய்துகொள்ளத்தான் கிழக்கே பார்த்தவரைத் தடவினாள். அங்கேயும் இருந்தது. அதே இடத்தில், அதே பக்கம் உடைந்த முனையோடு. தெற்கே பார்த்தவரிடம் தடவாமலே தெரிந்தது, என்றாலும் தடவினாள். முனை விரலைக் கீறியது. எட்டு வயதில் கீறிய அதே விரல். விரலை வாயில் வைத்துக்கொண்டு, ஒருவர் போலி என்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அங்கேயே கொஞ்சநேரம் குந்தியிருந்தாள்.

அன்று மாலை படிப்பகத்தில் கூட்டம். நாற்காலிகள் போதாமல் வாசல்வரை நின்றார்கள். வாத்தியார் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, தேதி போட்டு, கீழே 'ஒருமனதாக' என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார். நடுவில் எந்தச் சிலை என்று மட்டும் இடம் விட்டிருந்தது. கதிர்மொழி எழுந்தாள். வளையல் துண்டைப் பற்றிச் சொன்னாள், விரலைக் காட்டினாள்.

"மூணும் அவர்தான்" என்றாள்.

சோலைமலை, தங்கச்சி சிரமப்பட்டு ஒரு பதிலைக் கண்டுபிடித்திருக்கிறது, காலனி ஓட்டுக்காக நம்மை விற்றுவிட்டது என்றார். வாத்தியார், வளையல் துண்டு பதித்ததே மூடநம்பிக்கை, நாற்பத்து மூன்று வருடமாக அதை இந்தக் கிளை கழுவிக்கொண்டிருந்திருக்கிறது என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அந்தோணியம்மாள்தான் கடைசியில் பேசினாள், அவள் குரலை உயர்த்தவில்லை.

"செயலாளரம்மா, கேட் மூடியிருந்தப்ப என்கிட்ட என்ன சொன்னீக?"

கதிர்மொழி கீறிய விரலை மடக்கிக்கொண்டாள்.

"அவரு எங்க பக்கம்னு சொன்னீக. வாத்தியார்கிட்ட என்ன சொன்னீக? மண்டியில என்ன சொன்னீக?" அந்தோணியம்மாள் இரண்டு பேரையும் பார்த்தாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்க கூப்பிட்டீக, அவரு வந்துட்டாரு. மூணு எடத்துக்கும் வந்துட்டாரு. மனுசன் நல்ல மனுசன், சொன்ன வாக்க அவராவது காப்பாத்துறாரு."

யாரோ சிரித்தார்கள். கதிர்மொழி உட்கார்ந்தாள். அந்தத் தீர்மானம் மட்டும் நிறைவேறவில்லை. முன்கூட்டி எழுதிய சொல்லை அடிக்க வாத்தியாருக்கு மனம் வராமல், நடுவில் விட்ட இடம் அப்படியே இருந்தது.

மறுநாள் மதியம் மூன்று மணிக்குள் மூன்று சுயேச்சை மனுக்கள் தாக்கலாயின. பெண்கள் வார்டு என்பதால் வாத்தியார் தன் மருமகளைக் கூட்டிவந்தார், அந்தப் பெண்ணுக்கு எதற்கென்று பேரூராட்சி அலுவலக வாசலில்தான் தெரிந்தது. சோலைமலை தன் மனைவியைக் கூட்டிவந்தார். அந்தோணியம்மாள் தானே வந்தாள், வேலைநேரச் சட்டையோடு. அவளுடையதையும் சேர்த்து நான்கு பேரின் துண்டறிக்கைகளும் கதிர்மொழியின் கடைக்குத்தான் ஜெராக்ஸுக்கு வந்தன, வேறு கடை இல்லை. நான்கிலும் அறவாழியாரின் அதே படம். அவள் நாளெல்லாம் நின்று எடுத்துக்கொடுத்தாள், எந்தத் தாளும் மங்கலாகாமல்.

பிரசாரத்துக்கு அவள் போன வீடுகளில் எல்லாம் உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். அவள்மேல் யாருக்கும் கோபமில்லை. கட்சியை விட்டுப் போய்விட்டீர்களா என்று அவள் கேட்டபோது எல்லோருக்குமே வலித்தது. கட்சியைக் காப்பாற்றத்தானே இதைச் செய்கிறோம் என்றார்கள். ஒரு வீட்டில் அம்மா கிழக்கு, மகன் வடக்கு, மருமகள் தெற்கு. மூன்று பேரும் ஒரே கொடியைத்தான் கூரையில் கட்டியிருந்தார்கள்.

எண்ணிக்கை அன்று எதிர்க்கட்சி வேட்பாளர் ஊரில் இல்லை. தோற்கப்போகிற தேர்தலுக்கு எதற்கு இருக்க வேண்டும் என்று அக்கா வீட்டுக்குப் போயிருந்த அந்தம்மாள், போன தடவை தோற்றபோது வாங்கியதைவிட ஐந்து ஓட்டுக் குறைவாக, இருநூற்று அறுபத்து மூன்று வாங்கி ஜெயித்தாள். சோலைமலையின் மனைவிக்கு இருநூற்று முப்பத்தொன்பது. வாத்தியாரின் மருமகளுக்கு இருநூற்றுப் பதினான்கு. அந்தோணியம்மாளுக்கு நூற்றுத் தொண்ணூற்று நான்கு. கட்சிச் சின்னத்தில் நின்ற கதிர்மொழிக்கு நாற்பத்தொன்று. கையில் இருந்த தாளின் பின்பக்கத்தில் அவள் கூட்டிப் பார்த்தாள். அறுநூற்று எண்பத்தெட்டு. ஓர் ஓட்டும் வெளியே போகவில்லை. திரும்பக் கூட்டினாள், திரும்பவும் அதுவே வந்தது. தாளைத் திருப்பினால் முதல் வரியில் கண்மாய்ப் பாதை என்று அவள் கையெழுத்தில் இருந்தது.

நடத்தை விதிக் காலம் முடிந்து வருவாய் ஆய்வாளர் வந்து கயிற்றை அவிழ்த்தபோது தார்ப்பாய் தரையோடு தரையாக விழுந்தது. கூண்டுக்குள் ஒருவரும் இல்லை. பூட்டு பூட்டியபடி இருந்தது. அவர் படிவத்தை எடுத்து, 'ஒன்று (மூன்று)' என்பதற்கு நேரே 'இல்லை' என்று எழுதினார், தார்ப்பாயை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

பத்து மணிக்குள் மூன்று பேரும் இருக்கிற இடம் தெரிந்துவிட்டது. ஒருவர் படிப்பகத்துக்குள், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நின்றார், அலமாரியை இனித் திறக்க முடியாது. ஒருவர் கோயில் வாசலில், தேர் திரும்புகிற இடத்தில் நின்றார். தேரை இனி எப்படித் திருப்புவது என்று அங்கே கூடிப் பேசினார்கள். ஆனாலும் இரண்டு இடத்திலும் மாலை போட்டார்கள், கடைசியில் அவர் நம் பக்கம் வந்துவிட்டார் என்றார்கள். பேருந்து நிறுத்தத்துக்குப் பெயர் மட்டும் மாறவில்லை. காலிக் கூண்டில் பேரூராட்சி குப்பைத் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தது, பூட்டு வசதி இருந்ததால்.

வியாழக்கிழமை வந்தது. கதிர்மொழி வாளியும் சோப்புத்தூளும் எடுத்தாள். வடக்கே போகலாம், கிழக்கே போகலாம். ரயில்வே கேட்டைத் தாண்டிக் கண்மாய்க் கரைக்குப் போனாள்.

மூன்றாமவர் கரையின் ஒற்றையடிப் பாதையில், சரியாக நடுவில், முழங்கால்வரை சேற்றில் புதைந்து நின்றார். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வேலிக்கருவேல். கை இப்போது எந்தத் திசைக்கும் இல்லை, வருகிறவர்களைப் பார்த்து நீண்டிருந்தது. முந்தின நாள் காலனியில் ஒரு சாவு. பாடையை அவர் தோளுக்கு மேலே தூக்கித்தான் கொண்டுபோக முடிந்ததாம், தூக்கியதில் ஒருவர் தண்ணீரில் விழுந்தாராம். சிதறிய சாமந்தி சேற்றில் கிடந்தது. தூரத்தில் துடைப்பத்தோடு நின்றிருந்த அந்தோணியம்மாள், இவள் வாளியைப் பார்த்தபடி நடந்து வந்தாள்.

"கழுவ வந்தீகளாக்கும்."

கதிர்மொழி ஆமென்றாள். குதிகால் சேற்றுக்குள் இருந்தது. அவள் அதைத் தேடவில்லை.

"கழுவ வேணாம்" என்றாள் அந்தோணியம்மாள். "நகரச் சொல்லுங்க."

அவர் உங்கள் பக்கம்தான் என்பது வழக்கம்போல வாய்வரை வந்தது. கதிர்மொழி அதை அப்படியே விழுங்கினாள். வாளியைக் கீழே வைத்துச் சேலையைத் தூக்கிச் செருகினாள். சேற்றில் இறங்கி, அறவாழியாரின் இடுப்பில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அவள் தோளில் தங்க வண்ணம் ஒட்டியது. அவர் அசையவில்லை. அந்தோணியம்மாள் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, துடைப்பத்தை வேலியில் சாய்த்து, மறுபக்கம் தோளைக் கொடுத்தாள். இரண்டு பேரும் தள்ளினார்கள். அப்போதும் அசையவில்லை.

கதிர்மொழி நிமிர்ந்து மூச்சு வாங்கினாள். வடக்கே படிப்பகக் கூரை தெரிந்தது, கிழக்கே கோபுரம்.

"அந்தோணியம்மா, உங்க வீட்டுல கடப்பாரை இருக்கா?" என்று கேட்டாள்.